வீட்டில் வைத்துக்கொள்ள எந்த கிட்: கோவிட் மட்டுமா, ஃப்ளூவும் சேர்ந்ததா?

மடிப்பாக்கம் மழை | 9 டிசம்பர் 2024, காலை 8.10

வீட்டில் எழுபது தாண்டிய அப்பா, சர்க்கரையும் பிபியும் உண்டு. பள்ளிக்குப் போகும் இரண்டு வாண்டுகள். மழை தொடங்கியதிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் இருமல். இங்கே மருந்துக்கடையில் கோவிட் மட்டும் பார்க்கும் கிட் கிடைக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் தங்கை ஜனவரியில் வரும்போது கோவிட், ஃப்ளூ ஏ, ஃப்ளூ பி மூன்றும் பார்க்கும் பெட்டி வாங்கி வருகிறேன் என்கிறாள். ஒன்றைப் பார்ப்பதைவிட மூன்றைப் பார்ப்பது மேல்தானே? விலை கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ஆய்வகக் கோட்டு | 9 டிசம்பர், காலை 9.45

இருக்கிறது. முடிவு தெரிந்த பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் கிட் வாங்க வேண்டும். எத்தனை வைரஸ் பார்க்கும் என்பது அதற்கு அப்புறம்.

அப்பாவுக்கு மூன்றும் சேர்ந்த காம்போ கிட் பயன்படும். ஃப்ளூ என்றால் ஓசெல்டாமிவிர், அதை அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். கோவிட் என்றால் நிர்மட்ரெல்விர்-ரிட்டோனாவிர், அதற்கு 5 நாள் அவகாசம், ஆனால் கொழுப்பு மாத்திரை உட்படப் பல மருந்துகளோடு மோதும். இரண்டும் வேறு பாதை. எது என்று சீக்கிரம் தெரிந்தால் மருத்துவர் சீக்கிரம் எழுதிக் கொடுப்பார்.

ஆரோக்கியமான பத்து வயதுப் பிள்ளைக்கு எந்த வைரஸாக இருந்தாலும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான்: ஓய்வு, கஞ்சி, காய்ச்சல் மருந்து, தாத்தாவிடமிருந்து தள்ளி இருப்பது. அதற்கு மூன்று கோடு பார்க்கும் கிட்டை வீணாக்க வேண்டாம்.

கவுன்ட்டர் அண்ணாச்சி | 9 டிசம்பர், மதியம் 1.20

கோட்டு சார் சொல்வது சரி. கடையில் வாங்கும்போது பெட்டியை இப்படிப் படியுங்கள்.

முதலில், வீட்டில் தானே செய்துகொள்ளும் பரிசோதனை என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 'மருத்துவத் தொழிலர் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருந்தால் வேண்டாம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 25 கிட் பெட்டிகளில் பெரும்பாலும் அந்த வகைதான். அதில் வரும் குச்சி மெல்லியதாக, வளைந்து கொடுப்பதாக, சுமார் 15 செ.மீ. நீளத்தில் இருக்கும். மூக்கின் அடியாழம் வரை, தொண்டைக்கு மேலே போய் எடுக்க வேண்டிய குச்சி அது. பழகாத கையால் அதை உள்ளே விடக் கூடாது. வீட்டு கிட்டில் வரும் குச்சிக்குத் தலை பருமன், முன்மூக்கோடு சரி.

அடுத்தது கரைசல். ஒவ்வொரு டியூபிலும் முன்கூட்டியே அடைத்து மூடி வருவதை எடுங்கள். பெரிய பெட்டியில் ஒரு பாட்டில் கரைசலைக் கொடுத்து 'டியூபுக்கு இத்தனை சொட்டு விடவும்' என்பார்கள். காய்ச்சலில் நடுங்கும் கையோடு சொட்டு எண்ணுவது நடக்கிற காரியமா?

மூன்றாவது உரிம எண். இந்தியாவில் இவை 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்கீழ் வருகின்றன. தயாரிப்பு அல்லது இறக்குமதி உரிம எண் பெட்டியில் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ முத்திரை மட்டும் இருந்தால் போதாது.

காலாவதித் தேதி கடைசி. அதை மட்டும் எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள்.

ஜூரோங் மேற்கு | 9 டிசம்பர், இரவு 10.05

சிங்கப்பூரில் நாங்கள் இந்த வீட்டு கிட்டை ஏஆர்டி (ஆன்டிஜென் ரேப்பிட் டெஸ்ட்) என்போம். 2021 ஜூன் முதல் மருந்துக்கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றானது. இங்கே பல வீடுகளில் பாராசிட்டமால் பக்கத்தில் ஏஆர்டியும் இருக்கும்.

பழகினவர்களும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: நேரம். எல்லா கிட்டும் 15 நிமிடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பார்க்க ஆரம்பிக்கும் நேரம் பெரும்பாலும் 15-தான், முடியும் நேரம்தான் கிட்டுக்குக் கிட் மாறும். ஒன்றில் 20 நிமிடத்தோடு சரி, இன்னொன்றில் 30 வரை பார்க்கலாம், வேறு சிலதில் 10-லேயே தொடங்கிவிடலாம். அந்த நேரம் தாண்டினால் ஈரம் காய்ந்து, பாசிட்டிவைக் காட்டும் டி கோடு இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் நிழல் மாதிரி ஒரு கோடு வரலாம். மறுநாள் காலை குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்து 'பாசிட்டிவ்' என்று குடும்ப வாட்ஸ்ஆப்பில் போடுபவர்கள் இந்த ரகம்.

மூடியைத் திறக்கும்போதே கைப்பேசியில் அலாரம் வையுங்கள். அடித்ததும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

மடிப்பாக்கம் மழை | 10 டிசம்பர், காலை 7.30

நன்றி. கிட் வேலை செய்தது என்று காட்டும் சி கோடு வந்துவிட்டால் சாம்பிள் சரியாக எடுத்திருக்கிறோம் என்றுதானே அர்த்தம்?

ஆய்வகக் கோட்டு | 10 டிசம்பர், காலை 7.52

இல்லவே இல்லை.

சி கோடு சொல்வது இவ்வளவுதான்: திரவம் கிட்டுக்குள் இருக்கும் பட்டையின் மறுமுனை வரை ஓடியது, அதில் காய்ந்து ஒட்டியிருந்த நிறத்துகள்கள் கரைந்து நகர்ந்தன. குச்சியை மூக்கிலேயே விடாமல் நேராகக் கரைசலில் முக்கி எடுத்தாலும் சி கோடு அழகாக வரும். சளி வந்ததா, செல் வந்ததா என்று அது பார்ப்பதில்லை.

டி கோடு வருவதற்கு வைரஸின் நியூக்ளியோகேப்சிட் புரதம் போதுமான அளவு இருக்க வேண்டும். நிறத்துகளில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி அந்தப் புரதத்தைப் பிடிக்கும். டி இருக்கும் இடத்தில் பதித்திருக்கும் இன்னொரு ஆன்டிபாடி அதை நிறுத்தி வைக்கும். ஆய்வகத்தில் செய்யும் பிசிஆர் மாதிரி இங்கே எதையும் பெருக்கிக் காட்டுவதில்லை. கொண்டு வந்தது எவ்வளவோ, தெரிவதும் அவ்வளவே. அதனால் சாம்பிள் எடுப்பதில்தான் பாதிப் பரிசோதனை இருக்கிறது.

கிட்டின் தாளில் இருப்பதே இறுதி. பொதுவாக இப்படிப் போகும். மூக்கைச் சிந்திவிட்டு கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். குச்சியின் பஞ்சுத் தலையைத் தொடாதீர்கள். மெல்லிய தடை தெரியும் வரை விடுங்கள், சுமார் 2 செ.மீ. உள்சுவரில் அழுத்தி ஐந்து முறை வட்டமாகத் தேயுங்கள். சுழற்றுவது வேறு, தேய்ப்பது வேறு. குச்சி நடுவில் சும்மா சுற்றினால் எதுவும் ஒட்டாது. அதே குச்சியால் மறு துளையிலும் செய்யுங்கள். லேசாகக் கண்ணில் நீர் வந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

பிறகு டியூபில் விட்டு, வெளியிலிருந்து பிதுக்கியபடி பத்து முறை சுற்றுங்கள். வெளியே எடுக்கும்போதும் டியூபின் சுவரில் பிழிந்து எடுங்கள். இந்தப் பிழிதலை விட்டுவிட்டால் எடுத்ததில் பாதி பஞ்சோடு குப்பைக்குப் போகும்.

எடிசன் மாமி | 10 டிசம்பர், இரவு 11.40

மழை தம்பி, தங்கை எந்தப் பெட்டி வாங்குகிறாள் என்று கேளுங்கள். இங்கே அமெரிக்காவில் இரண்டு ஜாதி இருக்கிறது.

ஒன்று, வைரஸின் புரதத்தைப் பிடித்துக் கோடு காட்டும் ஆன்டிஜென் காம்போ. ஹீல்ஜென் நிறுவனத்தின் கோவிட்/ஃப்ளூ கிட்டுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2024 அக்டோபர் 7 அன்று முறையான அனுமதி கொடுத்தது. அதற்கு முன் கடையில் கிடைத்த காம்போ எல்லாம் அவசர அனுமதியில் ஓடியவை. எஃப்டிஏ வெளியிட்ட கணக்கு: கோவிட் பாசிட்டிவ் சாம்பிள்களில் 92%, ஃப்ளூ ஏ 92.5%, ஃப்ளூ பி 90.5% சரியாகக் கண்டுபிடித்தது. இரண்டு வயதுக் குழந்தை முதல் செய்யலாம், 14 வயதுக்குக் கீழே பெரியவர்கள் எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று மூலக்கூறு கிட். பேட்டரியில் சூடேற்றி, வைரஸின் மரபுப்பொருளையே பெருக்கிப் பார்க்கும். பிசிஆருக்குக் கிட்டத்தட்ட ஈடு. லூசிரா அதற்குப் பெயர் போனது. வீட்டுக்கான கோவிட்-ஃப்ளூ காம்போவுக்கு முதல் அனுமதி 2023 பிப்ரவரி 24-இல் அதற்குத்தான் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு இரண்டு நாள் முன்புதான் கம்பெனி திவால் மனு போட்டிருந்தது! பிறகு ஃபைசர் வாங்கிக்கொண்டது.

விலை ஆன்டிஜெனைப் போலப் பல மடங்கு, ஒரு தடவையோடு சரி.

ஆய்வகக் கோட்டு | 11 டிசம்பர், காலை 6.15

மாமி சொன்ன 92-ஐ அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அது ஆய்வில் வந்தவர்களிடம், உரிய நாளில், உரிய முறையில் எடுத்த கணக்கு. பல கிட்களைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு 2022-இல் வந்தது. கோவிட் ஆன்டிஜென் கிட்கள் அறிகுறி உள்ளவர்களில் சராசரியாக 73% பேரைக் கண்டுபிடித்தன. முதல் வாரத்தில் 80.9%, இரண்டாம் வாரத்தில் 53.8%. அறிகுறியே இல்லாதவர்களில் 54.7%. எந்த பிராண்ட் என்பதைவிட எந்த நாளில் எடுத்தீர்கள் என்பதுதான் முடிவை அதிகம் ஆட்டுகிறது.

ஃப்ளூ கிட்களின் பழைய கதை இன்னும் மோசம். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தொகுப்புகளில் சராசரி 62% சொச்சம்தான், பெரியவர்களில் அதற்கும் கீழே. அதனால்தான் எஃப்டிஏ 2017-இல் விதியை இறுக்கியது, ஒரு வருட அவகாசத்துக்குப் பிறகு பழைய சரக்கு வெளியேறியது. எங்காவது பழைய ஃப்ளூ கிட் மலிவாகக் கிடைத்தால் அதை விட்டுவிடுங்கள்.

சந்தேக சாமி | 11 டிசம்பர், மாலை 5.30

அப்போ 100-க்கு 27 பேரைக் கோட்டை விடும் கிட்டை எதற்கு வாங்க வேண்டும்? காசு போட்டுப் பார்த்தால் தலையா பூவா கிடைத்துவிடுமே.

ஆய்வகக் கோட்டு | 11 டிசம்பர், மாலை 6.20

கிடைக்காது சாமி. கணக்குப் போடுவோம். கோவிட் பரவும் சீசன், இருமலோடு வரும் 1,000 பேரில் 200 பேருக்கு கோவிட் என்று வையுங்கள். கிட் 146 பேரைப் பிடிக்கும். மீதி 800 பேரில் தவறாக 1% என்றாலும் 8 பேர். பாசிட்டிவ் வந்த 154 பேரில் 146 நிஜம். நம்பலாம்.

இப்போது பரவலே இல்லாத மாதம், 1,000-இல் 10 பேருக்குத்தான் கோவிட். கிட் 7 பேரைப் பிடிக்கும். மீதி 990-இல் தவறாக 10 பேர். பாசிட்டிவ் வந்த 17 பேரில் 10 பேருக்கு ஒன்றுமில்லை. அதே கிட், அதே பெட்டி. அதனால் யாருக்கும் ஒன்றும் இல்லாதபோது, கல்யாணத்துக்குப் போகிறோமே என்று சும்மா பார்த்து பாசிட்டிவ் வந்தால், வேறு பிராண்டில் இன்னொன்று போடுங்கள், அல்லது பிசிஆருக்குப் போங்கள்.

நெகட்டிவ் கதை தனி. முதல் உதாரணத்தில் நெகட்டிவ் வந்த 846 பேரில் 54 பேருக்கு கோவிட் இருக்கிறது. ஆகவே ஒரு நெகட்டிவை வைத்துக்கொண்டு தாத்தா பக்கத்தில் உட்காராதீர்கள். 48 மணி நேரம் கழித்து இரண்டாவது எடுங்கள். எஃப்டிஏ 2022 ஆகஸ்டில் சொன்னது இதுதான்: அறிகுறி இருந்தால் 48 மணி இடைவெளியில் இரண்டு, இல்லாவிட்டால் அதே இடைவெளியில் மூன்று. காரணம் சிம்பிள். தடுப்பூசி போட்ட, முன்பே ஒரு முறை வந்துபோன உடம்பில் காய்ச்சல் சீக்கிரம் காட்டிவிடும், வைரஸ் உச்சத்துக்கு ஏற மூன்றாம் நான்காம் நாள் ஆகலாம். முதல் நாள் நெகட்டிவ் வந்ததற்கு கிட்டைத் திட்டிப் பயனில்லை.

ஜூரோங் மேற்கு | 11 டிசம்பர், இரவு 9.15

அப்படியானால் விலை கூடிய ஒரு கிட்டைவிட சாதாரண கிட் இரண்டு மேல். இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், சார் தசமத்தோடு சொல்லிவிட்டார்.

சந்தேக சாமி | 12 டிசம்பர், காலை 10.00

கோலாவை விட்டால் பாசிட்டிவ் வருகிறதாமே. அப்போ கிட் டூப்புதானே?

கவுன்ட்டர் அண்ணாச்சி | 12 டிசம்பர், காலை 11.10

வரும். 2021-இல் இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் லீவு போட அதைத்தான் செய்தார்கள். கோலா, பழச்சாறு எல்லாம் அமிலம். கரைசல் கலக்காமல் நேராக ஊற்றினால் பட்டையில் இருக்கும் ஆன்டிபாடிகளின் குணம் மாறி, வைரஸ் இல்லாமலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டியூபில் இருக்கும் கரைசலின் வேலையே அந்த அமில-காரச் சமநிலையைப் பிடித்து வைப்பது. அதைத் தவிர்த்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்றால் எப்படி? தண்ணீர் ஊற்றினாலும் கோளாறுதான், கரைசல் சிந்திவிட்டால் குழாய்த் தண்ணீர் சேர்க்காதீர்கள்.

எடிசன் மாமி | 12 டிசம்பர், இரவு 10.30

தொண்டையிலும் தேய்த்துவிட்டு அதே குச்சியை மூக்கில் விடலாம் என்று ஒமிக்ரான் காலத்தில் பெரிய பேச்சு. எஃப்டிஏ வேண்டாம் என்றது. கனடாவில் ஒன்டாரியோ செய்யலாம் என்றது. இரண்டு பக்கமும் ஆதாரம் காட்டினார்கள்.

ஆய்வகக் கோட்டு | 13 டிசம்பர், காலை 6.40

தொண்டை சேர்த்தால் சிலருக்குக் கூடுதலாகப் பிடிபடும் என்பது உண்மை. இங்கிலாந்தில் முதலில் கொடுத்த கிட்களே தொண்டை, மூக்கு இரண்டுக்கும் என்று வடிவமைத்தவைதான். ஆனால் மூக்குக்கு மட்டும் சோதித்த கிட்டில் தொண்டைச் சாம்பிளை விட்டால் என்ன ஆகும் என்று தயாரித்தவர் பார்த்திருக்க மாட்டார். காபி குடித்த வாயாக இருந்தால் மேலே அண்ணாச்சி சொன்ன அமிலப் பிரச்சினையும் சேரும். என் பரிந்துரை, தாளில் மூக்கு என்று இருந்தால் மூக்கு மட்டும்.

மூக்கு பற்றியே இன்னும் சில. சொட்டு மருந்து, ஸ்பிரே போட்டிருந்தால் அரை மணி பொறுங்கள். மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் உள்ள பெரியவர்களுக்கு அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ரத்தம் வந்த துளையை விட்டுவிட்டு மறுதுளையில் எடுக்கலாம். கெட்டிச் சளி உருண்டையாகக் குச்சியில் வந்தால் அது பட்டையின் வாயை அடைத்து, திரவம் பாதியில் நின்றுவிடும். அப்போது சி கோடே வராது, அது செல்லாத கிட். அதனால்தான் முதலில் சிந்தச் சொன்னது.

மூக்கில் அடிக்கும் உயிருள்ள ஃப்ளூ தடுப்பூசி போட்ட குழந்தைக்கு சில நாள் ஃப்ளூ பாசிட்டிவ் காட்டலாம். கையில் போடும் ஊசிக்கு அப்படி ஆகாது.

கவுன்ட்டர் அண்ணாச்சி | 14 டிசம்பர், மதியம் 2.00

வைக்கும் இடம் பற்றி யாரும் சொல்லவில்லை. பெட்டியில் 2 முதல் 30 டிகிரி என்று இருக்கும். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறை அதைத் தாண்டிவிடும். கார் டாஷ்போர்டு, சமையலறை அலமாரி, டெலிவரிப் பையில் மதிய வெயில் எல்லாமே ஆன்டிபாடிக்கு எதிரி. கெட்டுப்போன கிட்டிலும் சி கோடு வரலாம், டி மட்டும் மங்கும். அதுதான் ஆபத்து. ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. எடுத்ததும் செய்யாமல் அரை மணி வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பையைப் பிரியுங்கள். பட்டை இருக்கும் பிளாஸ்டிக் கேசட்டைக் குளிர்ச்சியோடு உடனே பிரித்தால் ஈரக்காற்று பட்டு வியர்த்துவிடும். பட்டை வியர்த்தால் ஓட்டம் கெடும். உள்ளே இருக்கும் சிலிக்கா ஜெல் பாக்கெட் அதற்குத்தான், சாப்பிட அல்ல.

மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். நான்கு பேர் வீட்டுக்கு நான்கு அல்லது ஆறு போதும். காய்ச்சல் வந்த ஒருவருக்கு இரண்டு என்று வைத்தால் இரண்டு மூன்று பேருக்கு வரும்.

மடிப்பாக்கம் மழை | 7 ஜனவரி 2025, காலை 6.50

இழையை மறுபடி எழுப்புகிறேன். நேற்று பெங்களூரில் இரண்டு குழந்தைகளுக்கு எச்எம்பிவி என்ற சுவாச வைரஸ் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) சொல்லியிருக்கிறது, நம்ம ஊரில் சென்னையில் ஒன்று, சேலத்தில் ஒன்று என்று அரசு அறிவித்திருக்கிறது. தங்கை கிளம்புகிறாள். அந்தப் பெட்டி இதையும் காட்டுமா?

ஆய்வகக் கோட்டு | 7 ஜனவரி, காலை 7.25

காட்டாது. கோவிட், ஃப்ளூ ஏ, ஃப்ளூ பி என்று போட்டிருந்தால் அந்த மூன்று மட்டும். மூன்றும் நெகட்டிவ் என்றால் 'வைரஸே இல்லை' என்று அர்த்தமில்லை, ரைனோ, ஆர்எஸ்வி, அடினோ, எச்எம்பிவி என்று வரிசை நீளம். எச்எம்பிவி புதிதும் அல்ல. 2001-இல் நெதர்லாந்தில் அடையாளம் கண்டது, அதற்கு முன்பே பல்லாண்டுகளாக மனிதர்களிடம் இருந்தது. அதற்கென்று தனி மருந்து கிடையாது, எனவே வீட்டில் கண்டுபிடித்தாலும் செய்வதில் மாற்றமில்லை.

ஆர்எஸ்வி சேர்ந்த நான்கு-ஒன்றில் கிட்கள் ஜெர்மனியில் மருந்துப்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. கைக்குழந்தைக்கு ஓரளவு சரி. பெரியவர்களின் மூக்கில் ஆர்எஸ்வி அளவு குறைவாக இருப்பதால் ஆன்டிஜென் பட்டை பெரும்பாலும் தவறவிடும். அப்பாவுக்காக அதைத் தேட வேண்டாம்.

ஃப்ளூ ஏ வந்தால் அதில் எந்த உட்பிரிவு, எச்1என்1-ஆ, எச்3என்2-ஆ என்றும் அந்த கிட் சொல்லாது. அதற்கு ஆய்வகம்தான், கிண்டி கிங் நிலையம் போன்ற இடங்களில் பிசிஆர் செய்வார்கள்.

எடிசன் மாமி | 7 ஜனவரி, இரவு 11.55

காம்போ வந்ததும் முதலில் கிட்டில் கோடு தெரியும் ஜன்னலைப் பாருங்கள் தம்பி. சிலதில் ஒரே ஜன்னலில் எல்லா எழுத்தும் இருக்கும். சிலதில் இரண்டு ஜன்னல், சொட்டு விட இரண்டு குழி. இரண்டு குழி என்றால் இரண்டிலும் சொட்டு விட வேண்டும். ஒன்றில் விட்டுவிட்டு மறந்தால் அந்தப் பக்கம் சி கோடு வராது, பாதி கிட் போச்சு. சொட்டு விடும்போது டியூபை நேர்க்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் நுனியில் வரும் காற்றுக்குமிழியும் ஒரு சொட்டு என்று எண்ணிவிடுவோம். குறைந்தால் ஓட்டம் நின்றுபோகும், கூடினால் வெள்ளம் மாதிரி அடித்துக்கொண்டு போய்க் கோடு கலங்கும்.

மடிப்பாக்கம் மழை | 15 ஜனவரி, மாலை 4.40

பொங்கலுக்கு வந்துவிட்டாள், பெட்டியும் வந்துவிட்டது. இரண்டு குழி ரகம்தான். அப்பாவுக்கு நேற்று இரவிலிருந்து காய்ச்சல், உடம்பு வலி. தாளில் இருக்கும்படி எடுத்தோம். ஃப்ளூ ஏ பக்கம் ரொம்ப மங்கலாக ஒரு கோடு, 17-ஆவது நிமிடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. படம் எடுத்திருக்கிறேன்.

ஆய்வகக் கோட்டு | 15 ஜனவரி, மாலை 4.48

தாளில் சொன்ன நேரத்துக்குள்ளா? நிறம் இருக்கிறதா, சாம்பல் நிழலா?

மடிப்பாக்கம் மழை | 15 ஜனவரி, மாலை 4.51

நேரத்துக்குள்தான். இளஞ்சிவப்பு. குறுக்கே முழுசாக இருக்கிறது.

ஆய்வகக் கோட்டு | 15 ஜனவரி, மாலை 4.55

அப்போது பாசிட்டிவ். மங்கல், அழுத்தம் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. இன்னொரு கிட் போட்டு உறுதிப்படுத்தும் நேரத்தில் மருத்துவரைக் கூப்பிடுங்கள், படத்தை அனுப்புங்கள், காய்ச்சல் தொடங்கிய மணியைச் சொல்லுங்கள். சிறுநீரகக் கணக்கு, அதாவது கிரியேட்டினின் கடைசியாகப் பார்த்த தாள் இருந்தால் கையில் வையுங்கள், மருந்தின் அளவு அதைப் பொறுத்தது. இந்த வயதில், சர்க்கரையோடு, கிட் நெகட்டிவாக இருந்திருந்தாலும் சீசனில் ஃப்ளூ போலத் தெரிந்தால் காத்திருக்காமல் மருந்து தொடங்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. 48 மணி தாண்டிவிட்டால் கதவு சாத்திவிடும் என்றும் நினைக்க வேண்டாம், தீவிரமானவர்களுக்குப் பிறகும் கொடுப்பார்கள்.

மூச்சு வாங்கினால், ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே போனால், குழப்பமாகப் பேசினால், கிட்டும் வேண்டாம் இழையும் வேண்டாம், நேராக மருத்துவமனை.

கவுன்ட்டர் அண்ணாச்சி | 15 ஜனவரி, மாலை 5.30

மருந்துச் சீட்டு இல்லாமல் ஓசெல்டாமிவிர் கொடுக்க மாட்டோம், சீட்டை வாங்கிக்கொண்டே கடைக்குப் போங்கள்.

அந்தக் கரைசல் டியூபின் மிச்சத்தை மேசையில் விட்டுவிடாதீர்கள். பல கிட்டில் சோடியம் அசைடு என்ற கெடாமல் காக்கும் பொருள் சிறிதளவு இருக்கும். பார்க்கக் கண் சொட்டு மருந்து மாதிரியே இருப்பதால் கண்ணில் விட்டுக்கொண்டவர்களைப் பற்றி எஃப்டிஏ எச்சரிக்கையே வெளியிட்டது. வாண்டுகள் இருக்கும் வீடு. குச்சி, டியூப், கேசட் எல்லாவற்றையும் கிட்டோடு வந்த பையில் போட்டு மூடி, இன்னொரு பையில் கட்டிப் போடுங்கள். கண்ணிலோ தோலிலோ பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மடிப்பாக்கம் மழை | 16 ஜனவரி, காலை 9.05

மருந்து நேற்று இரவு 8 மணிக்குத் தொடங்கியாச்சு. மூத்த வாண்டுக்கு இன்று காலை இருமல், காய்ச்சல் இல்லை. பெட்டியில் ஒன்று மீதி இருக்கிறது.

ஆய்வகக் கோட்டு | 16 ஜனவரி, காலை 9.20

அதைப் பையனுக்குப் போட வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ உறுதியான பிறகு அவனுக்கும் அதுவாகத்தான் இருக்க வாய்ப்பு. அறிகுறி தெரிந்த முதல் மணி நேரங்களில் நெகட்டிவ் வந்தாலும் நம்ப மாட்டோம். தனி அறை, முகக்கவசம், ஜன்னல் திறப்பு. மீதிக் கிட் உங்கள் அம்மாவுக்கோ மனைவிக்கோ காய்ச்சல் வந்தால் தேவைப்படும்.

ஜூரோங் மேற்கு | 16 ஜனவரி, காலை 9.34

யாராவது கர்ப்பமாக இருந்தால் அவர்களுக்கு முதல் உரிமை. தங்கையிடமும் கேளுங்கள்.

மடிப்பாக்கம் மழை | 16 ஜனவரி, காலை 9.41

ஐந்தாம் மாதம். இப்போதே அவளை மாமியார் வீட்டுக்கு அனுப்புகிறேன், மகப்பேறு மருத்துவருக்கும் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.